இராக்கெட்டின் அரங்கேற்றம்

முற்காலத்தே ஒரு புலவர் நூலொன்றை எழுதி முடித்த அளவிலேயே அது நூலென மதிக்கப்படுவதில்லை. கற்றோர் கூடிய அவையில் அதனை அவரே படித்துக் காட்டல் வேண்டும். அவையோர் எழுப்பும் ஐயங்களுக்கு விடை கூறல் வேண்டும். குற்றம் காணப்படின் திருத்தல் வேண்டும். இவை நிகழ்ந்த பின்னரே ஏடு உலகிற் பரவும். இவ்வழக்கத்திற்கு அரங்கேற்றம் என்பது பெயர். நிலந்தருதிருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசான் முன்னிலையில் தொல்காப்பியம் அரங்கேறியது என அந்நூலின் பாயிரம் கூறும். ஆசிரியரிடம் பாடங்கேட்ட இளமைக் காலத்திலேயே இம்மரபினை யான் அறிவேன். ஆயின் அதற்கு ஒப்பான ஒன்றைக் கண்ணாரக் கண்டதோ, கடல் கடந்த நாட்டில், புலவர் எவரும் இல்லாத ஒரு புல்வெளியில். அங்கே அரங்கேறியது நூலன்று. ஒன்றரை அடி நீளமுள்ள ஒரு காகித இராக்கெட்டு.

இராக்கெட்டு என்னும் சொல்லைப் பற்றி முன்னரே ஒன்று கூறிவிடுதல் நலம். ஏவுகணை என எழுதுவாரும் உளர். கணை என்பது அம்பு. அம்பு பிறர்மேல் விடுதற்குரியது. யான் கூறப்புகும் பொருளோ எவர்மேலும் விடப்படுவதன்று. வாணம் என்பது நம் ஊர்த் திருவிழாக்களில் வழங்கும் பழஞ்சொல். ஆனால் வாணம் எரிந்து அழிவதற்கென்றே செய்யப்படுவது. இது சென்று மீள்வதற்கென்று செய்யப்படுவது. ஏவூர்தி என்னும் புதுச்சொல் நல்ல சொல்லே. அது பெரிய ஊர்திகளுக்கு இருக்கட்டும். எல்லார்க்கும் தெரிந்த இராக்கெட்டு என்பதனையே ஈண்டு ஆள்கின்றேன். பெயரிடுவதில் அமெரிக்கர்க்கும் இத்தடுமாற்றம் நேர்ந்ததுண்டு. இக்கலைக்கென 1957ஆம் ஆண்டில் அங்குத் தோன்றிய கழகம், ஏவுகணை எனப் பொருள்படும் சொல்லையே முதலில் தன் பெயரிற் கொண்டிருந்தது. பின்னர் அதனை விடுத்துத் தேசிய இராக்கெட்டுக் கழகம் என்னும் பெயரை ஏற்றது. அம்மாற்றம் மிக நன்று.

மாதிரி இராக்கெட்டு என்பது வெறும் பொம்மையன்று. மெய்யாகவே வானில் எழும் சிறு ஊர்தியாகும். உடல் ஒரு காகிதக் குழல். தலை கூம்பு வடிவினது. மரத்தாலோ நெகிழியாலோ ஆனது. அடியில், பால்சா என்னும் மிக இலேசான மரத்தினாற் செய்த மூன்று அல்லது நான்கு இறகுகள் ஒட்டப்பட்டிருக்கும். அம்பிற்கு அதன் இறகு செய்யும் வேலையை இவை இராக்கெட்டிற்குச் செய்யும். உள்ளே மடித்து வைத்த வான்குடை. அது கருகாமல் இருத்தற்பொருட்டு அதன் கீழே தீப்பற்றாத மென்தாள். மோட்டார் என்று அவர்கள் அழைப்பதும் கைவிரல் நீளமுள்ள ஒரு காகிதக் குழலே. அதனுள் கருமருந்து இறுக அடைக்கப்பட்டிருக்கும். வாயிலில் களிமண்ணால் ஆன சிறு துளை. கருமருந்து எரிந்து தீர்ந்தபின், மெல்லப் புகையும் மற்றொரு மருந்து சில நொடிகள் எரியும். அப்பொழுது இராக்கெட்டு தான் பெற்ற வேகத்தினாலேயே மேலே செல்லும். அது உச்சியை நெருங்கும் வேளையில் மூன்றாவது மருந்து சிறிதாக வெடித்துத் தலையைத் தள்ள, வான்குடை வெளிப்பட்டு விரியும். மோட்டாரின்மேல் சி6-5 என்பது போன்ற குறி ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். எழுத்து அதன் மொத்த உந்துதலைக் காட்டும். ஏ, பி, சி, டி என ஓரெழுத்து ஏறுந்தோறும் உந்துதலின் மேலெல்லை இருமடங்காகும். ஆறு என்பது நியூட்டன் அளவிற் சராசரி விசை. ஐந்து என்பது மருந்து எரிந்து தீர்ந்தமைக்கும் வான்குடை விரிவதற்கும் இடையே கழியும் நொடிகள். மூன்று குறியில் ஒரு மோட்டாரின் இயல்பனைத்தும் அடங்குகின்றது. சூத்திரம் செய்வார் இதனினும் சுருங்கச் சொல்லுதல் அரிது.

இத்துணை அடக்கமான பொருள் தோன்றியதற்குக் காரணம் இளைஞர் சிந்திய குருதியாகும். 1957ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 4ஆம் நாள் சோவியத்து நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் ஏற்றியது. அமெரிக்கச் சிறுவர்களுக்கு அதற்கு முன்னரே இராக்கெட்டு ஆசை இருந்தது. அன்றுமுதல் அது காய்ச்சல்போற் பரவிற்று. அடுக்களையிலும் நிலவறையிலும் தாமே கலந்த மருந்தை உலோகக் குழல்களில் இடித்து அடைத்தனர். விரல் இழந்தோர் உளர். கண் இழந்தோர் உளர். உயிர் இழந்தோரும் உளர். சில மாநிலங்கள் வாணவேடிக்கைச் சட்டத்தைக் காட்டி எல்லாவற்றையும் தடுத்தன. தடுப்பதனால் ஆசை அடங்குமோ? மறைவிடம் தேடும், அவ்வளவே.

இதற்குரிய மாற்று ஒரு செருப்புக் கடையிற் பிறந்தது என்றால் வியப்பாக இருக்கும். நெபிராஸ்கா மாநிலத்தில் நார்ஃபோக் என்னும் ஊரில் செருப்புக் கடை நடத்திய ஆர்வில் கார்லைல் என்பார் வாணவேடிக்கையில் மிக்க நாட்டமுடையவர். அவருடைய உடன்பிறந்தாராகிய இராபர்ட்டு மாதிரி விமானங்களில் ஈடுபாடுடையவர். இருவர் அறிவும் கூடி, 1954ஆம் ஆண்டில், வான்குடையுடன் மீளும் ஒரு சிறு காகித இராக்கெட்டு உருவாயிற்று. நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் தளத்தில் இராக்கெட்டுப் பணியில் இருந்த ஜி. ஹாரி ஸ்டைன், இளைஞர்க்கு நேரும் விபத்துகளைப் பற்றி 1957ஆம் ஆண்டில் இதழொன்றில் எழுதினார். அதனைப் படித்த கார்லைல் தம் இராக்கெட்டுகளை அவர்க்கு அனுப்பினார். ஸ்டைன் அவற்றின் அருமையை உணர்ந்தார். அடுத்த ஆண்டிலேயே டென்வர் நகரத்து வெர்ன் எஸ்டெஸ் என்பார் மோட்டார்களைச் செய்யும் பொறி ஒன்றை அமைத்தார். அதற்கு மேபெல் எனப் பெண்பெயரும் இட்டார். மருந்து கலக்கும் வேலை இவ்வாறு சிறுவர் கையினின்றும் நீங்கித் தொழிற்சாலைக்குப் போயிற்று. உருவமைக்கும் வேலை சிறுவர்க்கே எஞ்சியது. ஏவும் வேலையோ தனியிடத்தை விட்டுக் கூட்டத்தின் நடுவே வந்தது. இம்மூன்றாவதே என் கருத்திற்கு உரியது.

2018ஆம் ஆண்டின் இளவேனிலில் யான் கொலராடோ மாநிலத்தில் என் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். அண்டை வீட்டார் அஞ்சற்பணியில் இருந்து ஓய்வு பெற்றவர், என்னினும் மூத்தவர், சொற்களைச் செலவிடுவதில் மிகச் சிக்கனமானவர். குளிர்காலம் முழுவதும் வீட்டின் நிலவறையில் இருந்து தனியொருவராக ஓர் இராக்கெட்டைச் செய்து முடித்திருந்தார். அதனை ஏவுதற்கு ஊர்ப்புறத்து மேய்ச்சல் நிலத்தில் ஒரு குழுவினர் கூடும் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தார். குழுவோடு சேர்வது அவர்க்கு அதுவே முதன்முறை. என்னையும் அழைத்துச் சென்றார்.

அந்நிலத்தில் நாற்பது பேர் வரை இருந்தனர். குழந்தைகளும் முதியோரும் விரவியிருந்தனர். ஏவுகம்பிகள் வரிசையாக நடப்பட்டிருந்தன. அவற்றிற்குச் செல்லும் வழியில் ஒரு மேசை. அதன்பின் இருபது வயதினைக் கடவாத கல்லூரி மாணவி ஒருத்தி அமர்ந்திருந்தாள். அவள் பார்த்து ஒப்பமிடாத எந்த இராக்கெட்டும் ஏவுகம்பியை அடைதல் இயலாது. முதியவர் தம் படைப்பை இருகையாலும் நீட்டினார். அவள் இறகுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், அவை அசையவில்லை. இராக்கெட்டின் எடை நடுவிடத்தை விரல்மேல் நிறுத்திப் பார்த்தாள். அவ்விடம், காற்றின் அழுத்தம் குவியும் இடத்திற்கு முன்னதாகத் தலைப்பக்கம் இருத்தல் வேண்டும். இன்றேல் இராக்கெட்டு நேரே செல்லாமற் சுழலும். அதுவும் சரியாகவே இருந்தது. மோட்டாரின் குறியைக் கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு தலையைப் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை.

தலை கழன்றால் அன்றோ வான்குடை விரியும்? விரியாத இராக்கெட்டு வானத்தினின்று ஈட்டிபோல் இறங்கும். கீழே குழந்தைகள் நிற்கின்றனர். முதியவர், தலை தளர்ந்துவிடலாகாதே என்னும் கவலையால், அதன் கழுத்தில் ஒட்டுத்தாளை மும்முறை சுற்றியிருந்தார். உள்ளே வான்குடையும் பனிக்காலம் முழுதும் மடித்தபடியே கிடந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பெண் முகம் சுளிக்கவில்லை, நகைக்கவும் இல்லை. ஒரு சுற்று உரித்துவிடுங்கள், வான்குடையை விரித்து முகப்பூச்சு மாவு தூவி மீண்டும் மடியுங்கள், பின்னர்க் கொண்டு வாருங்கள் என்றாள்; மாவுக் குப்பியையும் தானே தந்தாள். எழுபது வயதினர் தலையசைத்துச் சென்று, புல்லின்மேல் அமர்ந்து, அவ்வாறே செய்து திரும்பி வந்தார். அவள் முதலிலிருந்தே மீண்டும் சோதித்தாள். முன்னரே பார்த்த இறகுகளையும் விடவில்லை.

முதுமைக்கு வணங்கும் நாட்டில் பிறந்த எனக்கு அக்காட்சி முதலில் உறுத்தியதுண்டு. சற்று எண்ணிப் பார்க்க உறுத்தல் நீங்கிற்று. முதியவர் பணிந்தது அப்பெண்ணுக்கன்று. தாம் ஒப்புக்கொண்ட விதிக்கு. சற்று நேரத்தில் அவளே தன் இராக்கெட்டை வேறொருவரிடம் நீட்டி நின்றதையும் கண்டேன். தன் பொருளைத் தானே சோதித்து ஒப்பமிட்டுக்கொள்ளும் உரிமை அங்கு எவர்க்கும் இல்லை.

அதன்பின் நிகழ்ந்தவற்றை விரைந்து கூறுவேன். ஏவுதளத் தலைவர் ஒலிபெருக்கியில் முதியவர் பெயரையும், இது முதல் ஏவுதல் என்பதனையும் அறிவித்தார். வானத்தில் விமானம் உண்டோ எனப் பார்த்தார். ஐந்திலிருந்து இறங்கி எண்ணினர். பொத்தானை அழுத்தியும் யாதும் நிகழவில்லை. மின்சுற்றின் காப்புச் சாவியை எடுத்துவிட்டு, விதிப்படி அறுபது நொடிகள் எல்லாரும் நின்றனர். எவரும் ஓரடியும் முன்வைக்கவில்லை. தீமூட்டும் மெல்லிய கம்பி மோட்டாரின் துளையிலிருந்து நழுவியிருந்தது. அதனைச் செருகி, அடுத்த முறையில் மீண்டும் எண்ணினர். சீறும் ஓசை ஒன்று. இரண்டு நொடிக்குள் இராக்கெட்டு ஒரு புள்ளியாயிற்று. எண்ணூறு அடி இருக்கும் என்றனர் அறிந்தவர். பின் மிகச் சிறிய வெடியோசையும், செந்நிற வான்குடையும். கைதட்டல் எழுந்தது. முதியவர் கைதட்டலைக் கேட்டதாகத் தெரியவில்லை. வான்குடை காற்றில் ஒதுங்கும் திசையையே நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்.

அவர்கள் கைக்கொள்ளும் காப்பு விதிகளின் தாள் ஒன்றை என் மகள் எனக்குப் படித்துக் காட்டினாள். அதில் இலக்கணம் கற்றவர் கண்ணில் உடனே படும் ஒன்று உண்டு. விதி கூறுவார் ‘செய்க’ என வியங்கோளாகவோ ‘செய்தல் வேண்டும்’ எனப் பொதுவாகவோ கூறுதல் உலக வழக்கு. அத்தாளிலோ விதிகளெல்லாம் தன்மை ஒருமையில் அமைந்துள்ளன. தலை, உடல், இறகு ஆகியவற்றை உலோகமல்லாத இலேசான பொருளாற் செய்வேன், இலக்கு நோக்கி ஏவேன், முகிலுக்குள் ஏவேன், விமானத்தின் அருகே ஏவேன், மணிக்கு இருபது கல்லினும் விரைந்து காற்று வீசும்போது ஏவேன், டி வரையிலான மோட்டாராயின் பதினைந்து அடியும், பெரியதாயின் முப்பது அடியும் விலகி நிற்பேன், மின்கம்பியில் சிக்கியதை மீட்கப் புகேன் என்னும் போக்கில் அவை செல்லும். ஆணையாக இருப்பது கட்டுப்பாடு. தன் வாயாற் கூறுவது நோன்பு. இலக்கணத்தில் ஒரு விகுதி மாறினால் ஒழுக்கத்தின் பொறுப்பே இடம் மாறும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டை யான் வகுப்பில் காட்டியதில்லை.

இனி, இதற்கு மாறாகக் கூறுவார் சிலர் உளர். பேரறிவெல்லாம் தனிமையிற் பிறப்பது, கூட்டம் எதற்கு என்பர். இராக்கெட்டு நூலின் தந்தையருள் ஒருவராகிய இராபர்ட்டு காடார்டு தனிமை விரும்பியே. தம் ஆய்வுகளைப் பிறர் அறியாமற் காத்தவரே. ஆயினும் 1926ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16ஆம் நாள், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆபர்ன் என்னும் ஊரில், நீர்ம எரிபொருளால் இயங்கும் இராக்கெட்டை உலகில் முதன்முதலாக அவர் பறக்கவிட்டபொழுது, உடன் அவர் மனைவியார் இருந்தார். உதவியாளர் இருவரும் இருந்தனர். அந்த இராக்கெட்டு இரண்டரை நொடி பறந்து, 41 அடி உயர்ந்து, 184 அடி தொலைவில் ஒரு தோட்டத்தில் வீழ்ந்தது. எண்ணுவதற்குத் தனிமை வேண்டும். அதனை யானும் மறுக்கவில்லை. முதியவரும் நிலவறையில் தனித்திருந்தே செய்தார். ஆயின் தீ மூட்டும் வேளையில் மற்றொரு கண் வேண்டும். செய்தவன் கண் தான் செய்ய நினைத்ததையே பொருளில் காணும்; செய்ததைக் காணாது. எழுதினவனே பிழை திருத்தினால் என்ன நேரும் என்பதை அச்சகத்தாரைக் கேட்டால் தெரியும்.

அவையின் முன் தோற்றால் பிள்ளைகள் மனமொடிந்து போவரே என்பது மற்றொரு தடை. இதனை எளிதில் தள்ளுதல் கூடாது. நம் பள்ளிகளில் நடைபெறும் போட்டிகள் பலவற்றில், மேடையில் பாட்டை மறந்து நின்ற சிறுவனை அவை எள்ளி நகையாடியதை யான் கண்டிருக்கின்றேன். அத்தகைய அவை அரங்கேற்ற அவையன்று. என் கருத்து முழுவதும் இவ்விடத்தில்தான் நிற்கின்றது. அப்புல்வெளியில் குழுவின் வேலை தீ மூட்டுவதற்கு முன்னரே முடிந்துவிடுகின்றது. இறகு தளர்ந்ததா, தலை இறுகியதா என்பன எல்லாம் மேசையில் திருத்தப்படுகின்றன. பிறகு இராக்கெட்டு எவ்வாறு பறந்தாலும் எவரும் மதிப்பெண் இடுவதில்லை. நம் தேர்வுமுறையோ மாணவன் தனியே செய்ததனைத் தனியே ஏவச் செய்து, வீழ்ந்தபின் வந்து, வீழ்ந்த இடத்தை அளந்து எண் இடுகின்றது. திருத்தக்கூடிய வேளையில் எவரும் பார்ப்பதில்லை. திருத்த இயலாத வேளையில் எல்லாரும் பார்க்கின்றனர். நாற்பதாண்டுக் காலம் சிவப்பு மையினை ஏந்திய கையினால் இதனை எழுதுகின்றேன்.

மாணவர்களே, இதனைப் படித்துவிட்டு வெடிமருந்தைத் தேடிப் போகாதீர். நம் நாட்டில் வெடிபொருளைச் செய்வதையும் வைத்திருப்பதையும் 1884ஆம் ஆண்டு முதலே சட்டம் கட்டுப்படுத்தி வருகின்றது, அக்கட்டுப்பாடு தக்கதே. பட்டாசு மருந்தை உதிர்த்துக் குழலில் அடைப்பவன், விரலிழந்த அந்த அமெரிக்கச் சிறுவர் செய்ததனையே செய்கின்றான். நெருப்பே இல்லாத இராக்கெட்டு ஒன்று உண்டு. வாயு ஏற்றிய குளிர்பானம் விற்கும் நெகிழிக் குப்பியில் மூன்றிலொரு பங்கு நீர் நிரப்பித் தலைகீழாக நிறுத்தி, மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பினால் காற்றேற்றி, தொலைவில் நின்று கயிற்றை இழுத்துத் திறந்துவிட்டால், நீர் கீழே பீறிட, குப்பி பனைமரத்தினும் உயரமாக எழும். இதற்கும் இறகு நேராக ஒட்டல் வேண்டும். எடையின் நடுவிடம் தலைப்பக்கம் அமைதல் வேண்டும். வெடிப்புற்ற பழங்குப்பியை விலக்கல் வேண்டும். ஆதலின் சோதிப்பதற்கு இதிலும் நிரம்ப உண்டு.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். இதனை நடத்தும்போது எந்தக் குப்பி மிக உயரமாகச் சென்றது எனப் பரிசு வைத்தல் வேண்டா. பரிசு வைத்த அளவில் ஒருவன் குறையை மற்றவன் சொல்லாது மறைப்பான். திடலின் வாயிலில் ஒரு மேசை போடுக. அதில் தாங்கள் அமர வேண்டுவதில்லை. முதல் மதிப்பெண் பெறும் மாணவனையும் அமர்த்த வேண்டா. சென்ற ஆண்டு எவளுடைய குப்பி மேலெழாமற் சாய்ந்து, கூட்டத்தின் பக்கம் ஓடிற்றோ, அம்மாணவியை அமர்த்துக. இறகு தளர்ந்தால் யாது நேரும் என்பதனை அவள் அறிவாள். ஒன்றுக்கு இருமுறை இழுத்துப் பார்ப்பாள்.